காலேஜ் பிள்ளைங்க பயிற்சிக்கு வந்தா முதலாளிக்கு என்ன லாபம்? அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கணக்கு

"இன்டர்ன்ஷிப்புக்கு நாலு பேரை எடுத்துக்கோங்க" என்று கல்லூரியில் கேட்டால் சின்ன ஊர் முதலாளிகள் தயங்குவார்கள். வேலை தெரியாத பிள்ளைகளை வைத்து என்ன செய்வது, சொல்லிக் கொடுக்கவே ஒரு ஆள் போயிடுவாரே என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். அதனால் லாபக் கணக்கையே பார்த்துவிடுவோம்.

அருப்புக்கோட்டை, தறியும் நூற்பாலையும் உள்ள ஊர். அங்கிருந்து திருச்சுழி வரை மானாவாரிக் கரிசல். ஐப்பசி மழை ஏமாத்தினா வெள்ளாமை போச்சு. தேவாங்கர் கலைக் கல்லூரி, சைவபானு சத்திரிய கல்லூரி என்று படிக்க இடம் உண்டு. ஆனால் படித்து முடித்தவர்களில் பலர் திருப்பூர், கோவை, சென்னை என்று பஸ் ஏறிவிடுகிறார்கள். உள்ளூர் முதலாளிக்கு உண்மையான பிரச்சினை இதுதான்.

முதல் லாபம், யாருக்கும் நேரமில்லாத வேலை நடக்கும். நூற்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ரிங் ஃபிரேமில் இழை அறுந்தால், திரும்பப் பிணைக்கும் வரை வரும் பஞ்சு கழிவாகப் போகும். 100 ஸ்பிண்டில் ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை அறுவு என்பதுதான் மில்லில் முக்கியமான கணக்கு. சைடர் அறுந்ததைப் பிணைத்துக்கொண்டே ஓடுவார். எந்த மிஷினில், எந்த ஷிஃப்டில், எந்த நேரத்தில் அதிகம் அறுகிறது என்று எழுதிவைக்க அவருக்கு ஏது நேரம்? ஒரு மாணவர் ஒரு மாதம் நோட்டும் கையுமாக நின்றால் அது தெரிந்துவிடும். காற்றில் ஈரப்பதம் குறைந்ததாலா, டிராவலர் தேய்ந்ததாலா என்று பிரித்துப் பார்க்கலாம். வறண்ட ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது, ஆள் எடுப்பது. பதினைந்து நிமிஷ இன்டர்வியூவில் தெரியாதது ஆறு வாரத்தில் தெரியும். நேரத்துக்கு வருகிறாரா, தெரியாததைக் கேட்கிறாரா என்று பார்க்கலாம். வீட்டிலிருந்தே வேலைக்கு வர விரும்பும் திருச்சுழிப் பிள்ளை உங்கள் கண்ணில் படுவதும் இப்படித்தான்.

மூன்றாவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முப்பது வருஷ மேஸ்திரி கையில் இருக்கும் வேலை எங்கேயும் எழுதப்படவில்லை. மாணவர் "ஏன் அண்ணே இப்படி?" என்று கேட்கும்போதுதான் அது முதல்முறையாக வாய்ச்சொல்லாக வருகிறது, பிறகு நோட்டில் ஏறுகிறது.

விவசாயத்தில் இது ஏற்கெனவே பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. வேளாண் பட்டப்படிப்பின் கடைசி வருஷத்தில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை பழக வேண்டும். 2015-ல் இது 'ஸ்டூடன்ட் ரெடி' திட்டத்துக்குள் வந்தது. மானாவாரி விதையைப் பொட்டாசியம் உப்புக் கரைசலில் ஊறவைத்து, மறுபடி உலர்த்தி விதைக்கும் 'விதை கடினப்படுத்துதல்' போன்றவற்றை அவர்கள் களத்திலேயே செய்து காட்டலாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்கு அருப்புக்கோட்டையில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஏபிகே 1 உளுந்தின் பெயரில் இருப்பது இந்த ஊர்தான். நிலையத்துக்கும் காட்டுக்கும் நடுவில் நடந்துபோக ஆள் வேண்டும். அந்த ஆள் மாணவர்.

சம்பளக் கணக்குக்கு வருவோம். இன்டர்ன்ஷிப் என்பது படிப்பின் பாகம், சில வாரம். அப்ரண்டிஸ் என்பது 1961-ம் வருஷச் சட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தம். 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். 4 முதல் 29 பேர் இருந்தால் அது விருப்பம். அந்த விதிகள் பட்டதாரிக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் அதில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கும்.

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். 'பயிற்சி' என்ற சொல்லுக்குத் தமிழக நூற்பாலைகளில் ஒரு கெட்ட வரலாறு உண்டு. 'சுமங்கலி திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று வருஷம் 'அப்ரண்டிஸ்' என்று வைத்து, குறைந்த கூலி கொடுத்து, கடைசியில் மொத்தமாகப் பணம் என்று சொன்னார்கள். அதன் பெயரில் நடந்த சுரண்டல் வெளிநாட்டுத் துணி வியாபாரிகள் வரை எட்டியது. மாணவரை மலிவு ஆளாக மிஷினில் நிறுத்தினால் மேலே சொன்ன மூன்று லாபத்தில் ஒன்றுகூட வராது. அறுவை எண்ண வேண்டியவர் அறுந்ததைப் பிணைத்துக்கொண்டிருப்பார். விபத்து நடந்தால் அது தனிக் கணக்கு.

ஆக, எடுக்கிறவர்கள் நாலு விஷயம் பார்த்தால் போதும். மாணவருக்கு ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள். பதில் சொல்ல ஒரு ஆளைக் காட்டுங்கள். பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுங்கள். கடைசி நாளில் அவர் எழுதினதை உட்கார்ந்து படியுங்கள். பத்துத் தறி வைத்திருப்பவருக்கும் இது முடியும். எந்த ரகச் சேலை எவ்வளவு நாள் தேங்குகிறது என்ற கேள்வி ஒன்றே ஒரு பி.காம் மாணவருக்கு ஒரு மாத வேலை.