செரினும் மூளை உயிரணுக்களும்

மூளையின் உயிரணுக்கள் படிப்படியாக நலிந்து மடியும் நோய்களை முற்றும் தீர்க்கவல்ல மருந்து இன்னும் கிட்டவில்லை. இந்நிலையில், நம் உடலே ஆக்கிக்கொள்ளும் செரின் என்னும் எளிய அமினோ அமிலம் அவ்வுயிரணுக்களைக் காத்தல் கூடும் என அறிஞர் சிலர் கருதுகின்றனர். 1865-இல் எமில் கிராமர் என்பார் பட்டின் புரதத்தினின்று இதனைப் பிரித்தெடுத்தார். பட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இப்பெயருக்கு வேராயிற்று.

இக்கருத்துத் தோன்றக் களமாயிருந்தது பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவாகும். அங்கு வாழும் சமோரோ மக்களிடையே, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் இயக்க நரம்பு நோய், 1950-களில் பிற நாடுகளைவிட 50 முதல் 100 மடங்கு மிகுதியாக இருந்தது. நடுக்கமும் மறதியும் கூடிய வடிவிலும் நோய் காணப்பட்டது. அம்மக்கள் சைக்கசு மர விதையின் மாவை உண்டு வந்தனர். பி.எம்.ஏ.ஏ. என்னும் நச்சு அமினோ அமிலம் அவ்விதையில் இருத்தல் 1967-இல் வெளிப்பட்டது. அவ்விதையைத் தின்னும் வௌவாலை உண்டமையாலும் நஞ்சு மிகுதியாகச் சேர்ந்திருக்கலாம் எனப் பால் காக்சும் ஆலிவர் சாக்சும் 2002-இல் கூறினர்.

இனி, அந்நஞ்சு செயற்படுமாற்றைக் காண்போம். எழுத்துகள் முறையே நின்று சொல்லாவதுபோல, 20 வகை அமினோ அமிலங்கள் முறையே தொடர்ந்து புரதமாகின்றன. இலக்கண நூலார் கூறும் போலியில், அறம் என்பது அறன் என நிற்பினும் பொருள் திரிவதில்லை. புரதத்திலோ ஓர் அமிலத்தின் இடத்தில் வேறொன்று புகின், புரதம் உரியவாறு மடியாமல் உருத்திரிந்து உயிரணுவில் திரண்டு தேங்கக்கூடும். செரினுக்குரிய இடத்தில் பி.எம்.ஏ.ஏ. புகுவதாகவும், செரினை மிகுதியாகச் சேர்ப்பின் அது தடைப்படுவதாகவும், மனித உயிரணுக்களைக்கொண்டு செய்த ஆய்வொன்று 2013-இல் உரைத்தது. பிற ஆய்வாளர் சிலர் இதனை ஏற்கவில்லை.

2016-இல் வெளிவந்த ஆய்வு மேலும் குறிக்கத்தக்கது. வெர்வெட் குரங்குகளுக்கு 140 நாள் பி.எம்.ஏ.ஏ. கலந்த உணவு தரப்பட்டது. அவற்றின் மூளையில், அல்சைமர் நோயிற் காணப்படுவன போன்ற புரதச் சிக்கல்கள் தோன்றின. நஞ்சுடன் அதே அளவு செரினும் உண்ட குரங்குகளிடம் அச்சிக்கல்கள் குறைந்தே இருந்தன.

எனினும், குரங்கிற் கண்டதை மனிதர்க்கு உடனே ஏற்றிக் கூறல் பொருந்தாது. இயக்க நரம்பு நோயாளர் 20 பேர்க்குச் செரின் அளித்துச் செய்த முதற்கட்ட ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. பெரும்பாலோர் அதனைத் தாங்கிக்கொண்டனர் என்பதை அது காட்டிற்று. நோயைத் தடுக்கும் என நிறுவ அவ்வெண்ணிக்கை போதாது.

ஆகவே, செரின் மூளையைக் 'காக்கும்' என்பதற்கும் 'காத்தல் கூடும்' என்பதற்கும் உள்ள வேற்றுமையை அறிவியலைத் தமிழில் எழுதுவோர் போற்றுதல் வேண்டும் என்பது நம் கருத்து. துணைவினை ஒன்று விடுபடின், ஐயம் துணிவாகிவிடும். அத்துணிவை நம்பித் தம் மருத்துவத்தைக் கைவிடும் நோயாளரே அதன் விளைவைச் சுமப்பர்.