முறைவைத்துத் தலைமை ஏற்கும் கணுக்கள்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் கிரேட் டக் என்றொரு சின்னத் தீவு. பெட்ரல் என்னும் கடற்பறவைகள் அங்கே மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். அடைகாக்கும் முதல் இரண்டு வாரங்களில் ஆள் நடமாட்டம் தொந்தரவு செய்தால், வளையைக் கைவிட்டுப் போய்விடவும் கூடும். அதனால் 2002இல் பெர்க்லி ஆய்வாளர்கள் அளவெடுத்து ரேடியோவில் அனுப்பும் 32 சென்சார் கணுக்களைத் தீவில் வைத்துவிட்டு, தொலைவிலிருந்தே வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் படித்தார்கள். ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு பென்சில் பேட்டரிகள்தான். அவற்றை மாற்ற ஆள் போனால் வைத்த நோக்கமே கெட்டுவிடும்.

அந்தப் பேட்டரியைத் தின்பது அளவெடுக்கும் வேலை அல்ல, ரேடியோ. தூரம் இரட்டித்தால் செய்தி அனுப்பும் திறன் குறைந்தது நான்கு மடங்காக வேண்டும். அனுப்பாமல், செய்தி வருமா என்று காத்திருந்தாலும் மின்சாரம் கரைந்துகொண்டே இருக்கும்.

எல்லாக் கணுக்களும் அளவுகளைச் சேகரிக்கும் நிலையத்துக்கு நேரே அனுப்பினால் தொலைவில் இருப்பவை முதலில் சாகும். கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினால், எல்லார் சுமையும் வந்து சேரும் அருகிலுள்ளவை முதலில் சாகும். இதற்கு 2000இல் எம்.ஐ.டி.யிலிருந்து ஒரு விடை வந்தது: லீச் என்ற நெறிமுறை. வெண்டி ஹைன்ஸெல்மன், சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் அதை உருவாக்கினார்கள்.

ஊர்த் திருவிழாவில் மண்டகப்படி முறைவைத்து நடப்பதுபோல, கணுக்கள் தலைமையை மாற்றிக்கொள்கின்றன. சுற்று தொடங்கும்போது ஒவ்வொரு கணுவும் 0க்கும் 1க்கும் இடையே தற்செயலாக ஓர் எண்ணை எடுக்கிறது. குறித்த வரம்புக்குக் கீழே எண் விழுந்தால் அந்தச் சுற்றுக்கு அதுவே தலைவர். மற்றவை தமக்கு அருகிலுள்ள தலைவரிடம் சேர்ந்துகொள்ளும். தலைவர் ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்கும். தன் நேரம் வரும்வரை கணு ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்கலாம். வந்த அளவுகளையெல்லாம் தலைவர் சுருக்கி, ஒரே செய்தியாக்கி நிலையத்துக்கு அனுப்பும். 100 கணுக்களுக்குச் சராசரியாக 5 தலைவர்கள் என்றால், ஒவ்வொரு கணுவுக்கும் 20 சுற்றுக்கு ஒருமுறைதான் அந்தச் சுமை.

கணினி மாதிரிச் சோதனையில் மின்செலவு பழைய முறைகளின் எட்டில் ஒரு பங்குவரை குறைந்தது. ஆனால் ஒரு குறை உண்டு: பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று பாராமலே லீச் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. 2004இல் வந்த ஹீட் நெறிமுறை மிச்சத்தையும் கணக்கில் எடுத்தது.

வயலிலோ காட்டிலோ சென்சார் வைக்க நினைப்பவர்கள் பேட்டரி எவ்வளவு பெரியது என்று மட்டும் கேட்காமல், ரேடியோ நாளுக்கு எவ்வளவு நேரம் விழித்திருக்கும் என்றும் கேளுங்கள்.