ஒரு சிஸ்டர், இருபத்தாறு பெட்

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாம் நாள், ராத்திரி மூணு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. ஓடிப்போய் பார்த்தா, வார்டு முழுக்க ஒரே சிஸ்டர். "இதோ வர்றேன் தம்பி"ன்னாங்க. வர இருபது நிமிஷம் ஆச்சு. அப்பா பிழைச்சுட்டார். ஆனா அந்த சிஸ்டர் மேல எனக்கு செம கோபம்.

கோபப்பட்டது தப்பான ஆள் மேலன்னு புரிய வெச்சது, லிண்டா எய்கன்ங்கிற அமெரிக்க நர்ஸிங் ஆராய்ச்சியாளர். 2014-ல லான்செட் இதழ்ல அவங்க குழுவோட ஆய்வு வந்தது. ஐரோப்பாவில் 9 நாடுகள், 300 ஆஸ்பத்திரிகள், அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினாலே, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுது. பட்டம் படிச்ச நர்ஸ்கள் 10 சதவீதம் அதிகமா இருந்தா, அதே அளவு குறையுது. நூத்துக்கு 7 பேர் கூடுதலா சாவாங்கன்னு அர்த்தமில்லை. ஏற்கெனவே இருக்கிற வாய்ப்பில்தான் 7 சதவீதம். இது ஒண்ணை வெச்சே காரணம் இதுதான்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டுப் போயிடுவார். மூச்சு, நாடி, முகம் கொஞ்சம் மாறினா முதல்ல கண்ல படுறது நர்ஸுக்குத்தான், பக்கத்துல வர நேரம் இருந்தா.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு அந்த வார்டுல பெட்டை எண்ணினேன். இருபத்தாறு.