பூஞ்சணம் பிடித்த கச்சானும் சோளமும்

சாக்கில் கிடந்த கச்சானில் பூஞ்சணம் பிடித்தால் நாம் என்ன செய்கிறோம்? துடைத்து, ஒரு வெயில் காயவிட்டு, வறுத்துச் சாப்பிடுகிறோம். மிகப் பழுதானதை ஆட்டுக்கோ கோழிக்கோ போடுகிறோம். இடம்பெயர்ந்து வந்த இடத்தில் ஒரு பிடி தானியத்தையும் எறிய மனம் வராது. ஆனால் இந்த விடயத்தில் வறுப்பதும் அவிப்பதும் கைகொடுப்பதில்லை.

கச்சான், சோளம், கொப்பறா, செத்தல் மிளகாய் ஆகியவற்றில் வளரும் மஞ்சள் கலந்த பச்சைநிறப் பூஞ்சணம் ஒன்று அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றது. அடுப்புச் சூட்டில் பூஞ்சணம் செத்துவிடும். நஞ்சு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒரேயடியாகக் கூடுதலாக உட்சென்றால் வயிற்றுநோ, வாந்தி, மஞ்சட்காமாலை கண்டு உயிரும் போகலாம். சிறிது சிறிதாகப் பல வருடங்கள் சேர்ந்தால் ஈரற் புற்றுநோய் வரக்கூடும்.

1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. தீனியில் சேர்த்த கச்சான் பிண்ணாக்கே காரணம் என்று ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு அறியப்பட்டது. 2004 இல் கிழக்குக் கென்யாவில் பழுதான சோளத்தை உண்டு 317 பேர் நோயுற்றனர். அவர்களில் 125 பேர் இறந்தனர். களவுக்குப் பயந்து, சரியாகக் காயாத சோளத்தை அங்கு பலர் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஒற்றைக் கொட்டிலுக்குள் சாக்குகளோடு படுத்துறங்கும் நமக்கு இது விளங்காத கதையல்ல.

பழுதானதைப் பால்மாட்டுக்குக் கொடுத்தால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கிப் பிள்ளையிடமே திரும்பி வரும். செக்கில் ஆட்டினாலும் தப்ப முடியாது. பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்க, மிகுதி எண்ணெயில் கலக்கும்.

இந்த நஞ்சைக் கண்ணால் காண முடியாது. ஆய்வுகூடத்தில் புறஊதா ஒளியின் கீழ் அது நீலமாகவும் பச்சையாகவும் ஒளிரும். வீட்டில் நாம் சோதிக்கக்கூடியது ஈரத்தைத்தான். நன்கு உலர்ந்த போத்தலில் மூன்றிலொரு பங்கு சோளமும் சிறிது காய்ந்த உப்பும் இட்டு மூடிக் குலுக்குங்கள். சில நிமிடங்களின் பின் உப்பு போத்தலின் பக்கங்களில் ஒட்டியிருந்தால் சோளம் இன்னும் காயவேண்டும். கச்சானைக் காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும்.

உடைத்த பருப்பில் சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். இந்தப் பொறுக்கலால் நஞ்சின் பெரும்பங்கு கழிந்துபோகும். பிடுங்கும்போது மண்வெட்டி பட்ட கச்சானையும் சேமிப்பில் சேர்க்காதீர்கள். காயப்போட்டதை இரவில் பனி படாமல் தறப்பாளால் மூடுங்கள். சூடு ஆறிய பின்னரே சாக்கில் கட்டி, நிலத்தில் படாமல் தடிகளை அடுக்கி அவற்றின்மேல் வையுங்கள்.