மடிக்கணினியின் ஆழ்துயில்

கோடை நீடித்து நிலம் வறளுங் காலத்திலே, பேராதனைப் பகுதித் தோட்டங்களில் வாழும் பெருநத்தை தன் ஓட்டின் வாயை மெல்லிய படலத்தால் மூடிக்கொண்டு உள்ளே அடங்கிவிடுகின்றது. மழை பெய்ததும் விட்ட இடத்திலிருந்து வாழ்வைத் தொடர்கின்றது. இதனையொத்த ஏற்பாடொன்று மடிக்கணினியிலும் உண்டு. ‘ஹைபர்னேஷன்’ என வழங்கும் அதனை ஆழ்துயில் எனலாம். அதனை வைத்திருப்பதா, நீக்கிவிடுவதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கணினியின் துயில் இருவகைப்படும். ‘ஸ்லீப்’ எனப்படும் சிறுதுயிலில், செய்துகொண்டிருந்த வேலை தற்காலிக நினைவகத்திலேயே தங்குகின்றது. அந்நினைவகத்தைக் காக்க மின்சாரம் சிறிதளவேனும் இடையறாது வேண்டும். ஆழ்துயிலிலோ, நினைவகத்திலுள்ளவை சேமிப்பகத்திலே ஒரு கோப்பாக எழுதப்பட்டபின் மின்சாரம் அறவே நிற்கின்றது. மீண்டும் இயக்கும்போது அவை முன்போலவே தோன்றும். முன்னது விரைவில் விழிக்கும். பின்னது சற்றுத் தாமதித்து விழிப்பினும், நாட்கணக்கில் மின்னின்றிக் கிடக்க வல்லது.

இவ்வேறுபாடு கண்டி வாழ் மாணவருக்கு வெறும் நூலறிவன்று. மகாவலியின் நீரைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் விக்டோரியா, கொத்மலை நீர்த்தேக்கங்கள் இம்மலைநாட்டிலேயே உள்ளன. எனினும் 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியின்றியும் நீர்த்தேக்கங்களில் நீர் குறைந்தும் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு ஏற்பட்டபோது, கண்டியும் இருளிலே மூழ்கியது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் தீவு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவனொருவன் கணினியைச் சிறுதுயிலில் விட்டுச் சென்றால், மின்கலம் தீர்ந்தவுடன் சேமியாத பக்கங்கள் யாவும் அழியும். ஆழ்துயில் இயங்கும் நிலையிலிருப்பின், மின்கலம் வற்றுந் தறுவாயில் விண்டோஸ் தானாகவே அதற்கு மாறுமாறு அமைக்கலாம். அதனை நீக்கிவிட்டவர்க்கு இக்காவல் இல்லை.

இனி, நீக்குக என்பாரின் காரணங்களை நோக்குவோம். முதலாவது, இடம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ஆழ்துயிற் கோப்பு வழக்கமாக நினைவகத்தின் அளவில் நூற்றுக்கு 40 வீதம் கொள்ளும். 16 ஜிகாபைற் நினைவகமாயின் ஏறக்குறைய 6.4 ஜிகாபைற். 128 ஜிகாபைற் சேமிப்பகத்தில் இது உறுத்தும். 512 ஜிகாபைற்றில் உறுத்தாது. இரண்டாவது, தேய்மானம். நாள்தோறும் 6.4 ஜிகாபைற் எழுதினும் ஆண்டுக்கு 2.4 தெராபைற்றுக்கும் குறைவே. 150 தெராபைற் எழுதத் தாங்குமென உறுதி கூறப்பட்ட எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு இது பொருட்படுத்தத்தக்க சுமையன்று. மூன்றாவது, இரகசியம். திறந்திருந்த கடிதமும் கடவுச்சொல்லும் அக்கோப்பிலே பதியக்கூடும். சேமிப்பகம் முழுவதையும் மறைகுறியாக்கம் செய்வதே இதற்கு மாற்று.

நீக்குதலே தக்கதாகும் இடங்களும் உள. மின்கலம் பழுதான கணினியில், மின்வெட்டு நேர்ந்த கணத்தே கோப்பை எழுதுதற்கும் மின்சாரம் இராது. ஆதலின் ஆழ்துயில் அங்கு காவலாகாது. மேசைக் கணினிக்கும், தடையிலா மின்வழங்கி இல்லாதவிடத்து, இஃது ஒக்கும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்போர், ஒன்று ஆழ்துயிலில் இருக்கையில் மற்றொன்றின் வழியே அதன் கோப்புகளைத் திருத்தின் தரவு சிதையும். ஆழ்துயிலை நீக்கினால் விண்டோஸின் விரைவுத் தொடக்கமும் உடன் நீங்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆகவே, மின்கலம் நன்னிலையிலிருந்து, சேமிப்பகத்தில் இடமும் இருப்பின், கண்டியில் மடிக்கணினி வைத்திருப்போர் ஆழ்துயிலை வைத்திருத்தலே அறிவுடைமை. ஆயினும் அது சேமித்தலுக்கு ஈடன்று. எழுதியதை அவ்வப்போது சேமித்து, பிறிதோரிடத்தில் படியொன்றும் வைப்பவனுக்கே ஆழ்துயில் துணையாகும். அப்பழக்கம் இல்லாதவனை எந்தத் துயிலும் காவாது.