கண்ணு நல்லாத்தான் தெரியுதா? சுகர் இருந்தா அது மட்டும் போதாது!

"மாத்திரை கரெக்டா போடுறேன். பேப்பர் படிக்க முடியுது. அப்புறம் எதுக்குக் கண் டாக்டர்?" சர்க்கரை நோயாளிகள் பலர் கேட்கும் கேள்வி இது. சிக்கலே இங்கதான். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்படும்போது, ஆரம்பத்தில் கண் வலிக்காது, சிவக்காது, பார்வையும் மங்காது.

இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. இவர்கள் எல்லோருக்குமே கண் பரிசோதனை அவசியம்.

கண்ணுக்குள்ள என்ன நடக்குது?

கேமராவுக்கு ஃபிலிம் மாதிரி கண்ணுக்கு விழித்திரை. சர்க்கரை பல வருடம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், அதிலுள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் பலவீனமாகிக் கசியும். சில அடைபடும். ரத்தம் கிடைக்காத பகுதியில் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை எளிதில் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். முற்றினால் விழித்திரையே பிரிந்து வரலாம். இதுதான் டயாபடிக் ரெட்டினோபதி.

கண்ணாடிக் கடை டெஸ்ட் போதாதா?

போதாது. போர்டில் எழுத்தைப் படிக்கச் சொல்வது, கண்ணாடிக்குப் பவர் பார்க்க. விழித்திரையைப் பார்க்க, சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிவாக்கி டாக்டர் சோதிக்க வேண்டும், அல்லது ஃபண்டஸ் கேமராவில் படம் எடுக்க வேண்டும். ஊசி கிடையாது. மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். அதனால் அன்னைக்கு பைக் ஓட்டிட்டுப் போகாதீங்க, துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

எப்போ பார்க்கணும்?

* டைப் 2: நோய் இருப்பது தெரிந்த உடனேயே. ஏன்னா, தெரிவதற்குப் பல வருடம் முன்பே சுகர் ஏறியிருக்கலாம்.
* டைப் 1: நோய் தெரிந்த 5 ஆண்டுகளுக்குள்.
* அதன் பிறகு பொதுவாக வருடம் ஒருமுறை. பாதிப்பு இருந்தால் டாக்டர் சொல்லும் இடைவெளியில்.
* ஏற்கெனவே சுகர் உள்ள பெண்கள்: கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே, அல்லது கர்ப்பத்தின் முதல் 3 மாதங்களுக்குள்.

பாதிப்பு இருந்தா என்ன செய்வாங்க?

ஆரம்ப நிலை என்றால் சுகர், பிபி, கொழுப்பைக் கட்டுப்படுத்தி, கண்ணைத் தொடர்ந்து கண்காணிப்பார்கள். அடுத்த கட்டத்தில் லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை. லேசரின் முக்கிய வேலை இருக்கும் பார்வையைக் காப்பாற்றுவதுதான். இழந்த பார்வையை முழுசா மீட்பது கடினம். சீக்கிரம் போகச் சொல்வது இதனால்தான்.

திடீர்னு கருப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, திரை போட்ட மாதிரி மறைத்தாலோ வருடாந்திர செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். அன்னைக்கே கண் மருத்துவமனைக்குப் போயிடுங்க.

மத்தவங்க உங்க சுகர் ஃபைலை இன்னைக்கே ஒருமுறை புரட்டிப் பாருங்க. விழித்திரை பரிசோதனை ரிப்போர்ட் அதில் இருக்கா? இருந்தா, தேதி என்ன? ஒரு வருஷத்தைத் தாண்டிடுச்சுன்னா, அடுத்து எப்போ வரணும்னு கண் டாக்டரிடம் கேளுங்க. ரிப்போர்ட்டே இல்லைன்னா, இந்த வாரமே போய் பார்த்துடுங்க.