ஓரிடத்திலிருந்து ஒரு நூறு கணினிகள்



முற்காலத்தில் ஊரில் அம்மை கண்டபோது சுகாதார அதிகாரி வீடுதோறும் தாமே நடந்து செல்லவில்லை. தெருவுக்கொரு பணியாளரை அமர்த்தினார். அவர்கள் தந்த செய்திகளைத் தம் இடத்திலிருந்தே தொகுத்தார். நூறு கணினிகள் உள்ள அலுவலகத்தில் வைரஸ் சோதனை நடைபெறுவதும் இம்முறையிலேயேயாம்.

கம்பிவழியே மற்றொரு கணினியின் கோப்புகளை இங்கிருந்தே படித்துச் சோதித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதில் இரு குறைகள் உண்டு. கோப்புகள் யாவும் வலையமைப்பின் வழியே பயணம் செய்ய வேண்டுமாதலின் வேலை மிகத் தாமதமாகும். மேலும், அக்கணினியின் நினைவகத்தில் அப்பொழுது இயங்கிக்கொண்டிருக்கும் வைரஸ் வெளியிலிருந்து புலப்படாது. ஆகவே, ஒவ்வொரு கணினியிலும் ஒரு காவல் நிரலை நிறுவுகிறார்கள். சோதனை அங்கேயே நிகழ்கிறது. மையக் கணினியிலிருந்து ஆணை செல்கிறது, அங்கிருந்து அறிக்கை வருகிறது.

ஆணைக்கு முன் அண்மைய வைரஸ் அடையாளங்களை அனுப்புதல் வேண்டும். முழுச் சோதனையை எல்லாக் கணினிகளிலும் ஒரே வேளையில் தொடங்காமல், பகுதி பகுதியாக, பணி குறைந்த நேரத்தில் நடத்துவதே முறை. ஐயத்திற்குரிய கோப்பை உடனே அழித்துவிடாமல் ஒதுக்கிடத்தில் அடைத்து வைப்பர். குற்றமற்றதெனத் தெரிந்தால் மீட்கலாமன்றோ? நோய்கண்ட கணினியை முதலில் வலையமைப்பினின்றும் பிரிக்க வேண்டும். அனைத்தையும் ஆளும் நிருவாகியின் கடவுச்சொல்லை அதில் இடுதல் கூடாது. அச்சொல்லையே வைரஸ் கவர்ந்துவிடக் கூடும்.

அறிக்கையைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. நூற்றில் தொண்ணூறு கணினிகள் நலம் என்று தெரிவித்தால், எஞ்சிய பத்தும் நலமே என்று கொள்ளலாகாது. அவை அணைந்திருக்கலாம், காவல் நிரலே முடங்கியிருக்கலாம். பள்ளிக்கு வராத மாணவனைத் தேறியவன் என்று நான் ஒருநாளும் பதிவேட்டில் எழுதியதில்லை. விடை தராத கணினியைத்தான் முதலில் தேடிச் செல்ல வேண்டும்.

சோதனை ஒன்றே போதுமா? போதாது. 2017 மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியிலிருந்த ஓட்டையின் வழியே அது ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே தாவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவப் பணியைச் சேர்ந்த 236 அமைப்புகளுள் 80க்குக் குறையாதவை பாதிக்கப்பட்டன. நோயாளிகளுக்குக் குறித்திருந்த சிகிச்சைகள் தள்ளிப்போயின. சில இடங்களில் அவசர நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்கு அனுப்ப நேர்ந்தது. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது! மருந்து வந்து இரு திங்களாகியும் அது பல கணினிகளில் இடப்படவில்லை.

வைரஸ் சோதனை கள்வனைத் தேடுவது. திருத்தம் இடுவது கதவைத் தாழிடுவது. இரண்டையும் தவறாது செய்வோரே நல்ல காவலர். நாளை அலுவலகங்களில் அமரப்போகும் நீங்கள் இதனை நினைவிற் கொள்வீர்களாக.